மூதூருக்குப் போன தாராக்கள்

திட்டமிடல் பற்றியும் கண்காணிப்புப் பற்றியும் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு இந்தக் கிழமை முழுவதும் வகுப்பு எடுத்திருப்பார்கள். நன்றாகத்தான் எடுத்திருப்பார்கள். எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம், உங்களில் பாதிப் பேர் நித்திரை கொள்ளப் போகிற நேரம். ஆகவே நான் தாராவை, இந்தியாவில் வாத்து என்பார்களே, அதைப் பற்றிக் கதைக்கப் போகிறேன்.

நான் திருகோணமலையில் சமூக சேவை உத்தியோகத்தராகச் சேர்ந்தபோது யுத்தம் தொடங்கியிருந்தது. ஓய்வு பெற்றபோது அது முடிந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. வருமானம் இல்லாமல் போனவர்களுக்கு ஏதாவது ஒரு வருமானத்துக்கு வழி செய்து கொடுப்பது எங்கள் வேலை. சொல்வதற்கு இலகு. ஆனால் அந்த நாட்களில் கடலையே பூட்டிவிடுவார்கள். கடலை எப்படிப் பூட்டுவது என்று உங்களுக்கு விளங்காது. ஒலிபெருக்கியில் ஒரு தடவை அறிவிப்பார்கள், அவ்வளவுதான், அத்தனை பெரிய கடலும் பூட்டுப்பட்டுவிடும். பிறகு ஒரு நாள் திறக்கும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. விறகுக்குப் போகிற காடும் அப்படித்தான். நேற்றுவரை காடு, இன்றைக்குக் கால் வைக்கக்கூடாத இடம்.

மூதூருக்குத் தெற்கே, குளத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் கூட்டம் போட்டு, என்ன உதவி வேண்டும் என்று கேட்டோம். எல்லோரும் ஒரே குரலில் வலை என்றார்கள். வலை கொடுத்தால் கடலுக்குப் போவார்கள், கடலோ பூட்டு, ஆகவே வலை கொடுக்க ஏலாது என்றது மேலிடம். கொடுப்பது தண்ணீரோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், கடலோடு சம்பந்தப்படக்கூடாது, தடை செய்யப்பட்ட பொருள்களிலும் அடங்கக்கூடாது. கொழும்பில் பெரியவர்கள் கூடியிருந்து யோசித்துக் கண்டுபிடித்தார்கள். தாரா.

கிராமத்துப் பெண்களின் சார்பில் தாராக்களைப் பொறுப்பேற்கத் திருகோணமலைக்கு வந்தவர் பாக்கியம் அக்கா. அவரை எனக்கு முன்பே தெரியும். நாங்கள் நடத்திய எந்தப் பயிற்சியிலும் அவர் இல்லாமல் இருந்ததில்லை. தையல், காளான், தேனீ, மெழுகுதிரி. மெழுகுதிரி செய்யப் பழக்கிய அடுத்த மாதமே அந்தப் பக்கத்துக்கு மெழுகு கொண்டுபோகத் தடை வந்தது. இவற்றைத் தவிர விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்பார், பகலில் வயலில் புல்லுப் பிடுங்குவார், பின்னேரம் வலை பொத்துவார்.

ஒருமுறை கேட்டேன், "ஏனக்கா இவ்வளவு? ஒரு தொழிலில உறுதியா நிண்டால் என்ன?"

"எது நிக்கும், எது படுக்கும் எண்டு ஆருக்கு மிஸ் தெரியும்? அதுதான் எல்லாத்திலயும் ஒவ்வொரு கால் வைச்சிருக்கிறன்."

"உங்களுக்கு ரெண்டு கால்தானே?"

"மனுசன்ர ரெண்டையும் சேர்த்தால் நாலு. மாமிக்கு ரெண்டு. ஆனா அதில ஒண்டு வாதம்."

தாராக்கள் கந்தளாய்ப் பக்கத்தில் சிங்களவர்களின் பண்ணை ஒன்றிலிருந்து பின்னேரம் லொறியில் வந்து சேர்ந்தன. மூதூருக்குப் போகிற இயந்திரப் படகு, அதுதான் லோஞ்சு, அடுத்த நாள் காலையில்தான். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் வேலை செய்த கந்தோருக்குப் பின்னால் கூடுகளை அடுக்கி வைத்தோம். காலையில் போனபோது பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

"மிஸ், இரவிரவாக் கூட்டமோ?" என்று கேட்டார். "ஒருதரும் மற்றவரைக் கதைக்க விட்டதாத் தெரியேல்ல."

இறங்குதுறைக்குப் போனோம். அந்த நாட்களில் மூதூருக்குத் தரைவழியாகப் போவதைவிட வளைகுடாவைக் கடந்து லோஞ்சில் போவதுதான் வழக்கம். நஸீர் நானா என்பவர் லோஞ்சு ஓட்டினார். ஆனால் லோஞ்சு எப்போது வெளிக்கிடும் என்பதைத் தீர்மானிப்பவர் அவரல்லர், துறையடியில் இருந்த படை முகாம். குறித்த நேரத்துக்குள் எல்லோரையும் சோதித்து முடிக்காவிட்டால் அன்றைக்குப் பயணம் இல்லை. அங்கே வரிசையில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். அக்கரையில் வயல் வேலைக்குப் போகிற பெண்கள், மேசன் வேலைக்குப் போகிற ஆண்கள், சில்லறை வியாபாரிகள். லோஞ்சு போகாவிட்டால் அவர்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அந்த நேரத்துக்குள் நான் தாராக்களோடு போய் நின்றேன்.

சோதனைக்கு இரண்டு வரிசைகள். ஒன்று ஆட்களுக்கு, மற்றது பொதிகளுக்கு. பொதி வரிசையில் நின்ற சிப்பாய்க்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"இதி என்ன?" என்று தமிழில் கேட்டார்.

"தாரா."

சிங்களத்திலும் தாரா தாராதான். ஆகவே மொழிப் பிரச்சினை வரவில்லை.

அவர் கூட்டுக்குள் குனிந்து பார்த்தார். உள்ளேயிருந்து தாராக்களும் அவரைப் பார்த்தன. "உயிர் இருக்கு," என்றார். "பொதி இல்லை. அங்க போ."

ஆட்கள் வரிசைக்குக் கொண்டுபோனோம். அங்கே நின்ற சிப்பாய், "ஐடென்டி கார்ட் இல்லை. ஆள் இல்லை. அங்க போ," என்று திருப்பி அனுப்பினார். திரும்பிப் போனோம். முதலாமவர் மறுபடி உயிரைச் சுட்டிக்காட்டினார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். இந்த நிலையில் பாக்கியம் அக்கா உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"தம்பி, இதில ரெண்டைத் தவிர மிச்சமெல்லாம் பொம்பிளையள்."

சிப்பாய் யோசித்தார். பெண்களைச் சோதிக்கிற இடம் திரைச்சீலை கட்டி மறைத்திருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். திரையை விலக்கி உள்ளேயிருந்து ஒரு பெண் காவலாளி தலையை நீட்டி, தன்னால் முடியவே முடியாது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தாராக்களைச் சோதிப்பதில்லை. கூடுகளைத் திறந்து, வைக்கோலுக்கு அடியில் மட்டும் பார்ப்பது. நியாயமான முடிவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

தாரா பறக்காது என்று பண்ணையில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பறக்கவில்லைதான். ஓடியது. முதலாவது கூட்டைத் திறந்ததும் சிப்பாயின் கைக்குக் கீழால் ஒன்று வெளியே வந்தது. அதற்குப் பின்னால் ஒன்று. அதைத் தடுக்கப் பாய்ந்த பாக்கியம் அக்காவின் கால் பட்டு இரண்டாவது கூடும் சரிந்து திறந்தது. இறங்குதுறைப் பலகையின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக, ஏதோ வேலைக்குப் பிந்திப்போனவர்களைப் போல ஓடி, விளிம்பில் சற்றும் தயங்காமல் தொப்புத் தொப்பென்று விழுந்தன. பண்ணையில் சீமெந்துத் தொட்டியைத் தவிர வேறு தண்ணீரைக் காணாத தாராக்கள். முன்னாலே திருகோணமலைத் துறைமுகம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தத் தண்ணீரில் அனுமதி இல்லாமல் எதுவும் அசையக்கூடாது. நீருக்கடியால் ஆட்கள் வரலாம் என்று அவ்வப்போது வெடி போடுவார்கள். போட்டால் எங்கள் கந்தோர் யன்னல்கள் அதிரும். முனையிலிருந்த காவலரணில் விசில் ஊதியது. யாரோ கத்தினார்கள். வரிசை குலைந்தது. சிலர் பையைப் போட்டுவிட்டு ஓட ஆயத்தமானார்கள். மீசை முளைக்காத சிப்பாய் துவக்கை எடுத்துத் தண்ணீரை நோக்கி நீட்டினார். பிறகு எங்களை நோக்கித் திருப்பினார். பயந்தவர் கையில் துவக்கு இருப்பதைப் போலப் பயங்கரம் வேறொன்றும் இல்லை. ஒருவர் ஓடியிருந்தால் போதும்.

என்னுடைய முதல் மேலதிகாரி அதிகம் பேசமாட்டார். பெயரைச் சொன்னால் கோபிப்பார், ஆகவே சொல்லவில்லை. நான் வேலைக்கு வந்த புதிதில் அவர் ஒருநாள் சொன்னார், "பிள்ளை, பயந்துபோன ஆளுக்கு விளக்கம் சொல்லாதை. ஒரு வேலை குடு." அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

வழி தவறிய தாரா ஒன்று என் சேலைக்குள் சிக்கி நின்றது. அதை எடுத்தேன். மெதுவாக நடந்துபோய் அந்தச் சிப்பாயிடம் நீட்டினேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "தம்பி, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ," என்றேன்.

யாராவது எதையாவது நீட்டினால் மனுசருக்குக் கை தானாக நீளும். அவர் வாங்கினார். தாரா செட்டையை அடித்தது. துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். இன்னொன்றைப் பிடித்து மற்றச் சிப்பாயிடம் கொடுத்தேன். அவரும் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள், இதை எழுதி வையுங்கள். தாராவைப் பிடித்திருப்பவரால் துவக்கு நீட்ட ஏலாது. வேறு எந்த வகுப்பிலும் இதை உங்களுக்குச் சொல்லித்தரமாட்டார்கள்.

பிறகு வரிசைக்குத் திரும்பி, "எல்லாரும் அப்பிடியே இருங்கோ," என்றேன். குலைந்த வரிசை அப்படியே நிலத்தில் குந்தியது.

அதற்குள் அதிகாரி ஓடி வந்தார். அவர் முதலில் கண்டது ஆளுக்கொரு தாராவோடு நின்ற தன்னுடைய இரண்டு சிப்பாய்களைத்தான். அதிகாரியைக் கண்டதும் இருவரும் விறைப்பாக நின்று சலூட் அடிக்க முயன்றார்கள். தாராக்கள் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல ஆங்கிலத்தில், "லோஞ்சு வேண்டுமா, தாரா வேண்டுமா?" என்று கேட்டார். இரண்டுக்கும் நேரமில்லை. அவர் சொன்னதில் பிழையும் இல்லை.

நான் குந்தியிருந்த சனத்தைப் பார்த்தேன். பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். ஒரு கிராமத்துப் பெண்கள் முழுப் பேரும் அக்கரையில் கூடு கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இந்தத் தாராக்கள் போனால் மேலிடம் இன்னொரு தடவை தராது.

"லோஞ்சு போகட்டும் சேர்," என்றேன்.

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. "உங்களுக்கு மாசம் முடியச் சம்பளம் வரும் மிஸ்," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

அவர் சொன்னது சரி. இருந்தாலும் இன்றைக்கும் அதே முடிவைத்தான் எடுப்பேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். ஏழைகளில் ஒரு பகுதிக்காக இன்னொரு பகுதியைக் காக்க வைக்க வேண்டிவரும். அன்றைக்கு இரண்டு பக்கமும் உங்களைத் திட்டும். திட்டட்டும். முடிவெடுக்காமல் நின்றால் இரண்டு பக்கமும் பட்டினி.

ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட சனம் சும்மா இருக்கவில்லை. லோஞ்சில் ஏறிக்கொண்டே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மேசன் ஒருவர் தன்னுடைய சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்து ஒரு பிடி சோற்றைத் தண்ணீரில் எறிந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எறிந்தார்கள். மீன்கள் வந்தன. காகங்கள் வந்தன. தாராக்கள் வரவில்லை. பெண்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பயனில்லை.

"மிஸ், அதுகள் கந்தளாய்ப் பண்ணை. தமிழ் விளங்காது," என்றது ஒரு குரல்.

அதிகாரிக்கு அது மொழிபெயர்க்கப்பட்டது. அவர் சிரிக்கவில்லை. சிப்பாயைப் பார்த்துத் தலையசைத்தார். சிப்பாய் கையில் இருந்த தாராவை அணைத்தபடி விளிம்புக்குப் போய், மிகவும் மரியாதையாகச் சிங்களத்தில் கூப்பிட்டார். தாராக்கள் இரண்டு மொழியையும் சமமாகத்தான் நடத்தின. இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நஸீர் நானா லோஞ்சிலிருந்து கையைத் தூக்கினார். "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க. கேளுங்க."

வாயை மூடினோம். திறக்கப்படாத மூன்றாவது கூடு இன்னும் துறையில் கிடந்தது. அதற்குள் இருந்தவை கத்தின. தண்ணீரில் இருந்தவை பதிலுக்குக் கத்தின.

"உள்ள இரிக்கிறது கூப்பிடுது, வெளிய இரிக்கிறது பதில் சொல்லுது," என்றார் நஸீர் நானா. "அந்தக் கூட்டைத் தூக்கிப் பின்பக்கத்தில வைங்க. நான் ஊர்ந்து ஊர்ந்து போறன். அதுகள் வந்தா வரட்டும். லோஞ்சும் போகும், தாராவும் போகும்."

அதிகாரி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வோக்கி டோக்கியை எடுத்து முனையில் இருந்த காவலரணோடு கதைத்தார். எனக்கு விளங்கிய அளவில், லோஞ்சுக்குப் பின்னால் தண்ணீரில் வருவது தாரா, சுட வேண்டாம் என்றார். மறுபக்கத்தில் நின்றவர் தாரா என்றால் என்ன சங்கேதம் என்று கேட்டார். சங்கேதம் இல்லை, தாரா என்றார் அதிகாரி. அப்படி ஒரு சங்கேதம் தனக்குச் சொல்லப்படவில்லை என்றார் மறுபக்கம். அதிகாரி வானத்தைப் பார்த்தார். பிறகு, திருகோணமலைத் துறைமுகம் முழுவதும் கேட்கும்படி, தாரா எப்படிக் கத்துமோ அப்படிக் கத்திக் காட்டினார். அதன் பிறகுதான் மறுபக்கத்திலிருந்து, சரி சேர் என்று குரல் வந்தது.

லோஞ்சு வெளிக்கிட்டது. தேர் நகர்வதைப் போல அவ்வளவு மெதுவாக. பின்பக்கத்தில் கூடு கத்த, தண்ணீரில் நின்றவை ஒவ்வொன்றாகத் திரும்பி, வரிசை பிடித்துப் பின்னால் வரத் தொடங்கின. காவலரணைக் கடந்தோம். மேலே துவக்கோடு நின்றவர் எங்களைப் பார்த்தார், தாராக்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

தடை செய்யப்பட்ட எல்லையைத் தாண்டியதும் நஸீர் நானா இயந்திரத்தை நிறுத்தினார். அதற்குப் பிறகு நடந்தது மீன்பிடிதான். கடல் பூட்டியிருந்த காலத்தில் வேலையில்லாமல் இருந்த ஆட்கள் எத்தனையோ பேர் அந்த லோஞ்சில் இருந்தார்கள். சாறத்தை விரித்தும் உரப் பையை நீட்டியும் பக்கவாட்டில் தொங்கித் தொங்கி அள்ளினார்கள். ஒருவரை ஒருவர் காலில் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொன்று மேலே வரும்போதும் ஆரவாரம். சீனி மூட்டையோடு வந்த வியாபாரி ஒருவர் மூட்டையின் மேலேறி நின்று, எதை எங்கே பிடிப்பது என்று கட்டளையிட்டார். அவர் மட்டும் ஒன்றையும் பிடிக்கவில்லை. பாக்கியம் அக்கா மடியிலே நனைந்த தாராக்களை அடுக்கிக்கொண்டு இருந்தார். என்னோடு கதைக்கவில்லை. மூதூர்க் கரை தெரியத் தொடங்கிய பிறகு, "மிஸ், இதைப் பிடியுங்கோ," என்று ஒன்றை என்னிடம் தந்தார். பிடித்தேன். அதோடு எங்களுக்குள் இருந்தது தீர்ந்தது.

கரையில் இறங்கிய பிறகுதான் சிப்பாய்கள் இருவரின் கையிலிருந்த தாராக்களும் துறையிலேயே நின்றுவிட்டன என்று நினைவு வந்தது. நான் கேட்கப் போகவில்லை. நீங்களும் கேட்கக்கூடாது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை வெற்றிக் கதை என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். சில மாதங்களுக்குத் தாராக்கள் முட்டையிட்டன, பெண்கள் விற்றார்கள். பிறகு அந்தப் பக்கம் சண்டை வந்தது. சனம் கையில் அகப்பட்டதோடு ஓடியது. பாக்கியம் அக்காவைக் கிண்ணியாவில், ஓடி வந்த சனம் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டேன். வகுப்பறையின் மூலையில் கல்லு வைத்து இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார்.

"தாரா?" என்று கேட்டேன்.

"கூட்டைத் திறந்து குளத்துக்கை கலைச்சுவிட்டிட்டு வந்தனான் மிஸ். மாமியையே கதிரையோட தூக்கித்தான் கொண்டு வந்தது."

ஊருக்குத் திரும்ப அனுமதி கிடைக்க நீண்ட நாட்கள் சென்றன. திரும்பிய முதல் நாள் நானும் போனேன். கூரை ஓடு இல்லை. கதவு இல்லை, கதவு நிலையும் இல்லை. கிணற்றுக் கப்பியைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பெண்கள் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். அப்போது குளத்துப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

விட்டுப் போனதைவிடக் கூடுதலாகத் தாராக்கள் நின்றன. நரியும் கீரியும் தின்றது போக மிச்சம் குஞ்சு குஞ்சாகப் பெருகியிருந்தன. ஐந்து நிமிடம் எல்லோரும் அழுதார்கள். ஆறாவது நிமிடம் சண்டை தொடங்கியது. எது யாருடையது? அந்தக் கழுத்துப் பச்சை என்னுடையது, அந்த நொண்டி என்னுடையது. தீர்த்து வைக்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள். நான் தீர்க்கவில்லை. எனக்கே அவற்றில் ஒன்றையும் அடையாளம் தெரியாது. பேசாமல் நிற்க வேண்டிய இடத்தில் பேசாமல் நிற்பதும் உங்கள் தொழில்தான்.

அவர்களே ஒரு முடிவெடுத்தார்கள். தாரா யாருக்கும் சொந்தமில்லை, காலையில் யார் முதலில் குளத்தடிக்கு வருகிறாரோ அவருக்கு முட்டை. அடுத்த கிழமை நான் போனபோது கிராமமே கண் வீங்கிக் கிடந்தது. ஒருவரை ஒருவர் முந்த எழும்பி எழும்பி, கடைசியில் பாதிப் பேர் பாயோடு குளக்கரைக்கே குடிபோயிருந்தார்கள். பாக்கியம் அக்காதான், "இப்பிடியே போனால் முட்டை தின்ன ஒருதரும் உயிரோட இருக்கமாட்டம்," என்று சொல்லி, ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்தாராம். அதற்குப் பிறகு எல்லோரும் நித்திரை கொண்டார்கள்.

கிராமத்துக்குக் கூரைத் தகரம் கேட்டு நான் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெரியவர். எல்லாம் கேட்டுவிட்டு, "திரும்பவும் தாரா குடுப்பமா?" என்றார்.

"வேண்டாம் சேர். அங்க தாரா இருக்கு."

"இப்பத்தானே அந்தச் சனம் வந்தது? எப்பிடித் தாரா இருக்கும்?"

"சனம் வர முந்தியே அதுகள் மீளக் குடியேறிட்டுது சேர்."

கோப்பைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் கேட்டார்:

"எந்தத் திட்டத்துக்குக் கீழ?"